பூட்டி வைத்த கடைசிக் கேசட்

சாகக் கிடந்த ஒரு பெண், தன் மகளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். அதை நான் அவள் கணவரிடமும் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. யோசித்து, இதுதான் சரி என்று தீர்மானித்துச் சொல்லாமல் இருந்தேன்.

இதை எழுத உட்கார்ந்தால் உட்கார முடிவதில்லை. நாலு வரி எழுதியதும் எழுந்து வாசல் வரை போகிறேன். தண்ணீர் குடிக்கிறேன், குடித்ததை மறந்து மறுபடி குடிக்கிறேன். எங்கே தொடங்கினாலும் பேச்சு ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில் போய் நிற்கிறது. வயதான மனுஷன் கார்ட்டூனைப் பற்றியா எழுதுகிறான் என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

கல்பாக்கம் நகரியத்தில் எனக்கு உலோக ஆராய்ச்சியில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மனைவியை இங்கே விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். விடுதி அறையில் ஒரு சின்ன டி.வி. வாங்கி வைத்துக்கொண்டேன். செய்தி புரியவில்லை. சாயங்காலம் போடும் கார்ட்டூன் புரிந்தது. அவர்கள் அதை அனிமே என்றார்கள். நம் ஊர் மாதிரி குழந்தைகளுக்கென்று ஒதுக்கி வைத்த சங்கதி இல்லை அது. கூட வேலை செய்த பேராசிரியரே மதியச் சாப்பாட்டின்போது முந்தின நாள் கதையைப் பற்றிப் பேசுவார். படத்தில் மழை பெய்தால் கதை நின்று மழையைப் பார்க்கும். ஒருவன் ஷூ லேஸ் கட்டுவதை முழுக்கக் காட்டுவார்கள். யாரும் இல்லாத அறையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அந்த மொழியை நான் அப்படித்தான் கற்றேன்.

திரும்பும்போது அந்த டி.வி.யையும் ஒரு வீடியோ டெக்கையும், நான் பதிவு செய்து வைத்திருந்த கேசட்டுகளையும் கொண்டுவந்தேன். அந்தக் கேசட் நம் ஊர் டெக்கில் சரியாக ஓடாது. அந்த ஊர்ப் பெட்டியோ நம் ஊர்க் கரண்டைத் தாங்காது, பாதிக்கும் குறைந்த வோல்டேஜுக்குச் செய்தது. எங்கள் பிரிவில் எலக்ட்ரிக்கல் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் ஒருவர் வீட்டிலேயே டிரான்ஸ்பார்மர் சுற்றி எடுத்துவந்தார். கருங்குழிக்காரர். அவருடைய அப்பா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்பதை முதலில் கண்டவர் இவர். டிரான்ஸ்பார்மரை மேஜை மேல் வைத்துவிட்டு, "ஆடு கத்தறா மாரி கத்தும் சார். கத்துனா நல்லாகீதுன்னு நென்ச்சிக்கோங்க. கம்முனு இருந்தாதான் பேஜாரு" என்றார். அது கத்தியது. என் மனைவி அந்த அறைக்கு ஆட்டுக்கொட்டகை என்று பேர் வைத்தாள்.

அவருடைய மகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடையில், இயற்பியலில் சந்தேகம் கேட்டுவரச் சொல்லி என்னிடம் அனுப்பினார். பின்னிய சடை, பெரிய முழங்கை, எதையும் நம்பாத பார்வை. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் கேசட் அலமாரியைப் பார்த்தாள். முதுகில் நான் ஜப்பானிய எழுத்தில் பேர் எழுதி ஒட்டியிருந்தேன்.

"இது இன்னா அங்கிள், கோழி கெளறி வுட்டா மாரி?"

சொன்னேன். கார்ட்டூன் என்றதும் உதட்டைப் பிதுக்கினாள். தான் என்ன பால்வாடியா என்று கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் நகரியத்தில் அலுவலகத்திலும் வெளியிலும் இதைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள்கூட இல்லை. வருஷக்கணக்காக உள்ளே அடைத்து வைத்திருந்த உற்சாகம். அவள் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றேன்.

எதை முதலில் போடுவது என்பதில் நான் தோற்றேன். பொறியியல் மூளைக்கு மனிதர்கள் ஏறி ஓட்டும் ராட்சத இயந்திரங்கள்தான் உயர்வாகப் பட்டன. அதைப் போட்டேன். அவள் பாதியில் கொட்டாவி விட்டு, இந்த மெஷினுக்கு டீசல் யார் ஊற்றுவது, எப்போது ஊற்றுவது என்று கேட்டாள். அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பெண்கள் வாலிபால் ஆடும் தொடர். அதற்கு, "பந்து மேல போனா கீழ வரதுக்கு ஒரு வாரம் ஆவுது அங்கிள்" என்றாள். எனக்கே சிரிப்பு வந்தது. நமக்கு எது பெரிதோ அதைப் புதிதாக வருகிறவரின் தலையில் தூக்கி வைக்கக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. உனக்கு என்ன பார்க்கப் பிடிக்கும் என்று கேட்டேன். அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். சதுரங்கப்பட்டினத்துக் கரையில் படகு தள்ளுவதைப் பார்க்கப் பிடிக்கும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க அப்பா சைக்கிளில் போகும்போது பின்னால் உட்கார்ந்து அதற்காகவே போவாளாம்.

அப்படியானால் ஒன்று இருக்கிறது என்று அந்தத் தொடரை எடுத்தேன். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். சின்னத் தீவுகளுக்கு நடுவே ஒரு பழைய படகில் ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரு தாய். கயிறு கட்டவும் அவிழ்க்கவும் கூடவே ஓடும் மகள். முதல் கேசட்டில் ஒன்றுமே நடக்காது. இரண்டு பேரும் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டு அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார்கள். அவள் குறை சொல்லிக்கொண்டே பார்த்தாள். கேசட் முடிந்ததும் எழுந்திருக்கவில்லை.

படத்தின் அடியில் எழுத்து எதுவும் வராது. அவர்கள் பேசப் பேச நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். முதலில் ஒவ்வொரு வசனத்துக்கும் டெக்கை நிறுத்தினேன். நிறுத்தாதீர்கள், ஓடும்போதே சொல்லுங்கள் என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஆக, அந்தக் கதையில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு அவளுக்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அவள் அம்மா நகரியத்துக் கூட்டுறவுக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கடை மூடியதும் மகளைக் கூட்டிப்போக வருவாள். கதவுத் திரையை ஒரு கையில் பிடித்தபடி நின்று பார்ப்பாள். உட்காரச் சொன்னால், "உக்காந்தா எய்ந்திரிக்க மாட்டேன் சார், வூட்ல ஒலை கெடக்குது" என்பாள். ஒருநாள், அந்தப் பொம்பளைக்குப் புருஷன் இல்லையா என்று கேட்டாள். கடலில் போய்விட்டான் என்றேன்.

"அதான் படகு சுத்தமா கீது."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த அம்மா வருவதற்காகக் காத்திருந்துதான் கேசட்டைப் போடுவோம். பரீட்சை வருஷம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

தீபாவளி தாண்டியதும் அந்த அம்மா திரையைப் பிடிப்பதை விட்டு நிலைப்படியில் சாய ஆரம்பித்தாள். பிறகு உட்கார்ந்தாள். அதன்பின் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று மகளிடம் சொன்னார்கள். எடுக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது என்று அவள் அப்பாவிடம் சொன்னார்கள்.

அவர் என்னிடம் வந்து யோசனை கேட்டார். சார் படித்தவர், சார் சொல்வது சரியாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நான் அவருக்கு என் கதையைச் சொன்னேன். கல்லூரி இறுதி ஆண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது என் அப்பா இறந்துவிட்டார். விடுதிக்கு வந்த தந்தியை, என்னோடு வந்து தங்கியிருந்த மாமா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிகிற வரை என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் நல்ல மதிப்பெண் வாங்கினேன், இந்த வேலைக்கு வந்தேன். மாமாவின் நெஞ்சுறுதியைக் குடும்பமே புகழ்ந்தது. கல்யாண வீடுகளில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நம் வீடுகளில் இது புதிதல்ல. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளையிடம் சாவைச் சொல்ல மாட்டோம். பத்து முடியட்டும், பன்னிரண்டு முடியட்டும் என்போம்.

"அப்ப அதுகிட்ட சொல்ல வேணாங்கறீங்க" என்றார்.

"பரீட்சை முடியட்டும்" என்றேன்.

பார்த்தால் தெரிந்துவிடும், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக வேண்டாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். மகள் நன்றாகப் படித்து மேலே வர வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

தொடரில் கடைசிக்கு முந்தின கேசட்டுக்கு வந்திருந்தோம். அதில் அந்தத் தாய்க்கு நோய் வருகிறது. அவள் அம்மா காய்ச்சலாய்க்கூடக் கிடக்காத காலத்தில் நான் தேர்ந்தெடுத்த கதை இது. நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். அவள் விடவில்லை. அம்மா இல்லாத வீட்டில் சோறு வடித்து, அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்து, ராத்திரி படித்து, வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு என்று இருந்தது. போட்டேன்.

கடலுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் தாய் படுத்திருக்கிறாள். டாக்டர் வெளியே வந்து பக்கத்துவீட்டுக் கிழவரிடம் மெதுவாக, மகளை வரச்சொல்லுங்கள் என்கிறார். அவ்வளவுதான் வசனம். டிரான்ஸ்பார்மர் கத்திக்கொண்டிருந்தது. அவள் திரையைப் பார்த்தபடி, "இன்னா சொல்றார் அங்கிள்?" என்றாள்.

"ரெண்டு வாரத்துல வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்றார்."

தீவில் மகள் தனியாகப் படகில் ஏறி எஞ்சினைக் கிளப்புகிறாள். வானம் கறுத்துக் கிடக்கிறது. கேசட் முடிந்தது. அடுத்த கேசட் எங்கே என்றாள். அடுத்தது இல்லை, இதோடு கதை முடிந்தது என்றேன். பிறகு எதற்கு எஞ்சினைக் கிளப்புகிறாள் என்று கேட்டாள்.

"அம்மாவைக் கூட்டிட்டு வரத்தான்."

அவள் முகம் தளர்ந்தது. இத்தனை நாளும் அந்த முகம் இறுகிக் கிடந்ததை அது தளர்ந்தபோதுதான் பார்த்தேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தேன். அவள் போனபின் கடைசிக் கேசட்டை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்தக் கடைசிக் கேசட்டுக்காகத்தான் நான் அந்தத் தொடரையே வைத்திருந்தேன். புயலில் படகை ஓட்டிக்கொண்டு மகள் போய்ச் சேருகிறாள். தாய்க்கு நினைவு இருக்கிறது. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் பார்த்தாயா என்று தாய் கேட்பாள், பார்த்தேன் என்பாள் மகள். ஜப்பானில் அதைப் பார்த்த அன்று விடுதி அறையில் நான் வாய்விட்டு அழுதேன். அப்பாவுக்காக அழுதது அது ஒரே தடவை. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டே மாமாவின் கதையை அவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு, கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று நானும் மனைவியும் அவளை மாமல்லபுரம் கூட்டிப்போனோம். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே படகுகள் ஏற்றியிருந்த மணலில் உட்கார்ந்தோம். அலை பெரிதாக இருந்தது. இந்தக் கடலில் அந்தப் பெண்ணால் தனியாகப் படகு ஓட்ட முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். சுண்டல் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "அம்மாகிட்ட முடிவச் சொல்லிடாதீங்க அங்கிள். அது வந்ததும் நான்தான் சொல்லுவேன்" என்றாள். எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து தண்ணீர் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். பேன்ட் முழங்கால் வரை நனைந்துவிட்டது. உங்களுக்கு என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

பரீட்சை பாதி முடிந்திருந்தபோது சென்னைக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். கணவர் ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கக் கீழே போயிருந்தார். அவள் மிகவும் சிறுத்திருந்தாள். குரல் மட்டும் அதே குரல்.

"அந்தப் படகுப் பொம்பள கதை இன்னா ஆச்சு சார்?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையான முடிவைச் சொன்னேன். புயலைச் சொன்னேன், மகள் வந்து சேர்ந்ததைச் சொன்னேன், எண்ணெய் பார்த்தாயா என்று கேட்டதைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தபோது பேசினாள்.

"எம் பொண்ணயும் ஒருவாட்டி இட்டுகினு வந்துடுங்க சார். அவருகிட்ட கேட்டா அழுவாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

"பரீட்சை முடியட்டும்மா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. பிறகு சரி என்பதுபோல விரலை அசைத்தாள். கணவர் பிளாஸ்க்கோடு வந்தார். என்ன சொல்கிறாள் என்று கேட்டார். பெண் நன்றாக எழுதுகிறாளா என்று விசாரித்தார்கள் என்றேன். அவர் சந்தோஷப்பட்டார்.

கடைசிப் பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசலில் நானும் அவரும் என் காரோடு நின்றோம். முந்தின நாள் இரவே அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. மகள் சிரித்துக்கொண்டு வந்தாள், மேப்பில் ஓர் ஆற்றைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு. காரில் ஏறிய பிறகுதான் அவர் சொன்னார். கோவளம் தாண்டும் வரை அவள் கேள்வித்தாளைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. பிறகு காதருகே வாயை வைத்துச் சொன்னாள். "அந்த அம்மா நல்லாயிட்டாங்கம்மா. அந்தப் பொண்ணு படகுல போயி இட்டுகினு வந்துட்டா." நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். படுத்திருந்தவளுக்குக் கேட்டிருந்தால், யார் பொய் சொன்னது என்று தெரிந்திருக்கும். கேட்டிருக்காது என்றார் டாக்டர். மறுநாள் போய்விட்டாள்.

கருங்குழியில் அடக்கம். எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில் அவள் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அவர்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அம்மா என்ன ஒருவாட்டி கூடக் கேக்கலியா நைனா?"

"கேக்கலம்மா" என்றார் அவர். அவருக்குத் தெரிந்த உண்மை அது.

நான் கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. அழுதுகொண்டிருக்கிற வீட்டில் இன்னும் ஒன்றைப் போட வேண்டாம் என்று அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்.

அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். மேலே படிக்கச் செங்கல்பட்டில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும் முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை. அப்பாவோடு பேச்சு நாளாக நாளாகக் குறைந்தது என்று மற்றவர்கள் மூலம் தெரிந்தது. ஒன்று, அவர் பொய் சொல்கிறார். அல்லது, அம்மா உண்மையிலேயே தன்னைத் தேடவில்லை. இந்த இரண்டில் எதை வைத்துக்கொண்டு அவள் நிம்மதியாக இருந்திருக்க முடியும்?

ஆழிப்பேரலை வந்த காலையில் நகரியத்துக்குள் கடல் புகுந்தது. எங்களுடையது மாடிவீடு. கீழ்வீட்டுச் சாமான்கள் மிதப்பதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரே உயிருக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கோ பீரோ நினைவு வந்தது. தண்ணீர் இன்னும் ஏறி அந்தக் கேசட்டைக் கொண்டுபோகாதா என்று நினைத்தேன். ஒரு கணம்தான். ஆனாலும் நினைத்தேன்.

ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். சில வருஷம் கழித்து ஒருநாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அவரும் ஓய்வு பெற்றுக் கருங்குழியில் தனியாக இருந்தார். டீக்கடைக்குக் கூட்டிப்போனார். மகள் இன்னும் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை என்றார். பொங்கலுக்குக்கூட வருவதில்லை என்றார். கிளாஸை உருட்டிக்கொண்டே, தன்னைத்தானே கேட்பதுபோல ஒன்று கேட்டார்.

"கேக்கலன்னு உள்ளத சொன்னேன் சார், அது நம்பல. கேட்டாங்கம்மான்னு அன்னிக்கே ஒரு பொய் சொல்லிக்கலாமோ?"

அன்று வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. அதன்பின் நான் ஓர் இடத்தில் இருக்கவில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் பாதியில் எழுவேன். காலையில் சதுரங்கப்பட்டினம் கோட்டை வரை நடப்பேன், வெயில் ஏறியும் திரும்ப மனம் வராது. டாக்டரிடம் போகலாம் என்றாள் மனைவி. அவளிடம் முதலில் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில், "அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்லி என்ன?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிக் கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். உப்புக்காற்றில் அதன் ஓரம் பூஞ்சை பிடித்திருந்தது. ஏரியைப் பார்த்த ஒரு மாடி வீடு. கதவைத் திறந்தவளை முழங்கையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். கேசட்டை மேஜை மேல் வைத்து, இதுதான் அந்தக் கதையின் நிஜமான முடிவு, அன்று மறைத்துவிட்டேன் என்றேன். சொல்லிவிட்டோம் என்று எனக்குள் லேசாக ஒரு நிம்மதிகூட வந்தது.

அவள் கேசட்டைத் தொடவில்லை. காலேஜில் இரண்டாம் வருஷமே நெட்டில் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். இங்கிலீஷ் எழுத்தோடு கிடைத்ததாம். டாக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்பதும் தெரியும் என்றாள். பிறகு கம்பெனியில் ஜப்பான்காரர்களோடு வேலை, வகுப்பு வைத்து மொழியும் சொல்லிக்கொடுத்தார்களாம். இப்போது எழுத்து இல்லாமலே புரிகிறது.

"நீங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சீங்க. நீங்க கார்ட்டூன்ல செஞ்சீங்க, அவ்ளோதான். இதுக்காவா அங்கிள் பஸ் ஏறி வந்தீங்க?"

அப்போது புறப்பட்டிருக்கலாம். கேசட்டைத் திரும்பப் பையில்கூடப் போட்டேன். கை பையிலேயே இருந்தது.

"உங்கம்மா கேட்டாங்க" என்றேன். "உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. என்கிட்டதான் சொன்னாங்க. பரீட்சை முடியட்டும்னு நான் சொல்லிட்டேன். உங்கப்பாவுக்கு இது தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

அவள் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துவீட்டில் குக்கர் விசில் அடித்தது. அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். 'இட்டுகினு வந்துடுங்க' என்று இரண்டாம் தடவை சொல்லும்போது என் குரல் உடைந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் அழுவது அவளுக்கு ஒரு பொருட்டாக இருக்கவும் நியாயமில்லை.

"நைனாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

உள்ளே போய் செருப்பும் கைப்பையுமாக வந்தாள். சித்தியிடம் கருங்குழிக்குப் போவதாகச் சத்தமாகச் சொன்னாள். வீட்டுக்குள் நான் உட்கார்ந்திருப்பதை மறந்தவள்போலப் படியிறங்கினாள். பால்கனியிலிருந்து பார்த்தேன். வேகமாக நடந்து, பிறகு கொஞ்சம் ஓடி, ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

நாலைந்து வாரம் ஒரு செய்தியும் இல்லை. போன் அடித்தால் நான் பக்கத்தில் ஓடுவதும் எடுக்கும்முன் நிற்பதுமாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர் இறங்கினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர் மனைவி நின்றதுபோலவே திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"அந்த டி.வி.யும் டெக்கும் இன்னும் கீதா சார்?"

இருக்கிறது என்றேன். அந்தப் படகுக் கதைக் கேசட்டுகள் எல்லாவற்றையும் கேட்டார். மகள் முதலிலிருந்து தனக்குப் போட்டுக் காட்டப் போகிறாளாம். அவர் அதில் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் வேண்டாம், அம்மா பார்த்த பெட்டியில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். தமிழில் சொல்ல ஆள் வேண்டுமே என்று நான் ஆரம்பித்தேன்.

"அதுவே சொல்லும் சார். நீங்க வர வேணாம்னு சொல்லிச்சு." கொஞ்சம் நிறுத்தி, "என்கிட்டயும் அது இன்னும் சரியா பேசல. ஆனா வருது. ஞாயித்துக்கெயம வருது" என்றார்.

டி.வி.யையும் டெக்கையும் அவர் ஒவ்வொன்றாகத் தூக்கினார். கேசட்டுகளை என் மனைவி ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். டிரான்ஸ்பார்மரை நான் தூக்கினேன். இவ்வளவு கனம் என்று மறந்திருந்தது. ஆட்டோவுக்குள் வைத்ததும் அவர் அதன் ஒயரைக் கையால் தடவிப் பார்த்தார், தன் வேலை எப்படித் தாங்கியிருக்கிறது என்று. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கே சொல்லிக்கலாம் நீ. பரீட்ச கெடந்தா கெடக்குதுன்னு நானே இட்டுகினு போயிருப்பேன்."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு வலிக்கவில்லை, சரியாகத்தான் இருந்தது. ஆட்டோ கிளம்பித் தெருமுனையில் திரும்பியது.

அதன்பின் இருவரையும் நான் பார்க்கவில்லை. கேசட்டுகள் திரும்பி வரவில்லை, நான் கேட்கவும் மாட்டேன். டி.வி. இருந்த மேஜை அந்த அறையில் வெறுமையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் நான் அங்கே போய் நிற்பேன். எந்தக் கேசட் வரை வந்திருப்பார்கள் என்று கணக்குப் போடுவேன். சிப்பி சுரண்டுகிற இடத்தில் அவரும் குறை சொல்லியிருப்பார். டாக்டர் வெளியே வந்து பேசுகிற இடத்தில் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். மனைவி உள்ளேயிருந்து உட்காருங்கள் என்பாள். நான் வாசல் வரை போய்விட்டு வருவேன்.